தீவுகளில் பிறந்த தாளம்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பற்றிப் பேசுவதே என் வழக்கம். இவ்வாண்டு இசையைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னவுடன் நம் செயலாளர் மகிழ்ச்சி அடைந்தார். தேவாரப் பண்களா, தமிழிசை மூவரா என்று கேட்டார். "ஸ்கா" என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஐயா, அது நமக்கு எதற்கு?" என்றார். அந்தக் கேள்விக்கு விடையாகவே இப்பேச்சை அமைத்துக்கொண்டேன். இந்தப் பொருளை நான் தேர்ந்ததற்கு என் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதனை இறுதியில் கூறுவேன்; கூறாமல் இறங்கமாட்டேன்.

ஸ்கா என்பது ஜமைக்கா என்னும் தீவில் 1950-களின் இறுதியில் முளைத்து, 1960-களின் முற்பகுதியில் தழைத்த ஓர் இசை. ஜமைக்கா எங்கே இருக்கிறது? உலகின் மறுபுறத்தில், கரீபியன் கடலில் இருக்கிறது. ஆயினும், நம் தீவில் வாழ்வோர் அத்தீவின் கதையைக் கேட்டால், இது நம் கதையின் ஒன்றுவிட்ட உறவு என்று கண்டுகொள்வர்.

தீவுக்கு வந்தவர்கள்

நம் தீவுக்கு மக்கள் எவ்வாறு வந்தனர்? 1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கைதிகளாக ஒரு கூட்டத்தார் கப்பலில் வந்து இறங்கினர். 1918-ஆம் ஆண்டு முதல் சோட்டா நாகபுரியிலிருந்து காடு வெட்ட வந்தனர் ராஞ்சி மக்கள். 1925-இல் பர்மாவிலிருந்து வந்தனர் கரேன் மக்கள். 1949 முதல் கிழக்கு வங்கத்தை இழந்த அகதிகள் வந்தனர். நாமும் வந்தோம். துறைமுகத்திலும், மர ஆலையிலும், கட்டட வேலையிலும், கடைத்தெருவிலும் பிழைப்புத் தேடி வந்தோம். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களைவிட்டு வந்த நம் உடன்பிறந்தார் சிலர், நிக்கோபார்க் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறினர். எல்லோர்க்கும் முன்னரே இத்தீவுகளைத் தாயகமாகக் கொண்ட பழங்குடியினரை நாம் மறக்கலாகாது. வந்தவர் என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தாது.

ஜமைக்காவின் வரலாறு இதனினும் கொடியது. அங்கே ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டுக் கொண்டு வந்து, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைக்க வைத்தனர். 1834-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு, 1838-இல் முழு விடுதலை கிட்டியது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1845-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் இந்தியாவிலிருந்து முதற்கப்பல் ஓல்டு ஹார்பர் பே என்னும் துறையை அடைந்தது. 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குச் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகச் சென்ற வடநாட்டார்; சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றோரும் உண்டு. சீனரும் சென்றனர். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஜமைக்கா விடுதலை பெற்றபோது, பலராய் வந்தோர் ஒரே மக்களாயினர் என்னும் கருத்தையே தன் நாட்டின் குறிக்கோள் வாசகமாக வைத்துக்கொண்டது. அந்த விடுதலை நாளில் தெருக்களில் முழங்கிய இசை ஸ்கா.

ஒலிபெருக்கியில் பிறந்த கலை

இந்த இசை எப்படிப் பிறந்தது? இதனை அறிந்துகொள்ள நீங்கள் நம் ஊர்க் கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி கட்டுபவர் ஒருவர் இருப்பார். அவரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது, எவருடைய குழாய் ஊருக்கு வெளியேயும் கேட்கிறது என்பதில் கடைக்காரர்களுக்குள் போட்டி இருக்கும். கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் 1950-களில் நடந்தது இதுவே. இசைக் குழுவை அழைத்து விருந்து வைக்கப் பணமில்லாதவர்கள், பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை முற்றத்தில் அடுக்கி, அமெரிக்க இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு ஆடினர். காவல்துறையிலிருந்து விலகி மதுக்கடை நடத்திய டியூக் ரீட், காக்சன் என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட கிளமெண்ட் டாட் ஆகியோர் இத்தொழிலில் பேர்பெற்றவர்கள். தம்மிடம் உள்ள பாட்டு எது என்று போட்டிக்காரருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிடுவார்களாம்!

அவர்கள் விரும்பியது அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'ரிதம் அண்ட் புளூஸ்' இசை. மயாமியிலிருந்தும் நியூ ஆர்லியன்சிலிருந்தும் வந்த வானொலி ஒலிபரப்பைக் கேட்டும், அமெரிக்காவில் வயல்வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் கொணர்ந்த இசைத்தட்டுகளைக் கேட்டும் அதனைக் கற்றனர். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சுவை ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பிவிட்டது. ஜமைக்கா மக்கள் விரும்பிய பாட்டுகள் அங்கிருந்து வருவது குறைந்துபோயிற்று. அப்போது ஒலிபெருக்கிக்காரர்கள் என்ன செய்தனர்? வெளியிலிருந்து வராவிட்டால் என்ன, நாமே செய்துகொள்வோம் என்று உள்ளூர் வாத்தியக்காரர்களை அழைத்துப் பதிவு செய்தனர். அமெரிக்க இசையை அப்படியே வாசிக்க முற்பட்ட விரல்களில், தீவின் பழைய மெண்டோ இசையும், மற்றொரு கரீபியன் தீவாகிய டிரினிடாடின் கலிப்சோவும், ஜாஸ் பயிற்சியும் கலந்தன. போலச் செய்யப் போய்ப் புதிதாகச் செய்தனர். அதுவே ஸ்கா.

இதன் இலக்கணத்தை நம் தாள முறையால் எளிதில் விளக்கலாம். தாளத்திற்கு முன்னே, தாளத்தோடு, தாளத்திற்குப் பின்னே என்று பாட்டின் எடுப்பு மூன்று வகைப்படும் என்று நம் இசை ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள். தாளம் விழுந்தபின் அரை இடம் தள்ளி எடுப்பதை அனாகதம் என்பர். அது பாட்டுத் தொடங்கும் இடத்தை மட்டும் குறிக்கும். ஸ்காவிலோ பாட்டு முழுவதுமே அந்த இடைவெளியில் வாழ்கிறது. கையால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறதன்றோ? கிட்டாரும் பியானோவும் அந்த வெற்றிடத்தில் வெட்டினாற்போல் ஒலிக்கும். அடிக்கட்டை நரம்பிசை நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். எக்காளமும் சாக்சபோனும் மேலே பாடும். காலை ஊன்றும்போது ஓசை இல்லை. காலைத் தூக்கும்போது ஓசை வருகிறது. ஆகவே கேட்பவனால் நின்ற இடத்தில் நிற்க முடிவதில்லை.

ஒதுக்கப்பட்டோர் அளித்த கொடை

இவ்விசையை வாசித்தவர்கள் யாவர்? கிங்ஸ்டனில் ஆல்ஃபா ஆண்கள் பள்ளி என்ற ஒன்று, 1880-இல் தொடங்கப்பட்டு, கத்தோலிக்கக் கன்னியர்களால் நடத்தப்பட்டு வந்தது. ஆதரவற்ற சிறுவர்களும், அடங்காத பிள்ளைகள் என்று கருதப்பட்டவர்களும் அங்கே சேர்க்கப்பட்டனர். தையல், அச்சு முதலிய தொழில்களோடு, குழலும் எக்காளமும் அங்கே கற்பிக்கப்பட்டன. சகோதரி மேரி இக்னேஷியஸ் என்னும் கன்னியர் நெடுங்காலம் அப்பிள்ளைகளுக்கு இசையார்வம் ஊட்டினார். அவரிடமே ஒரு பெரிய இசைத்தட்டுச் சேகரிப்பு இருந்தது. 1964-இல் ஸ்காவின் தலைசிறந்த குழுவாகிய 'ஸ்காடலைட்ஸ்' அமைந்தபோது, அதன் தூண்களான டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் அப்பள்ளியில் பயின்றவர்களே. ஊர் வேண்டாம் என்று ஒதுக்கிய பிள்ளைகளே ஊருக்கு ஓர் இசையைத் தந்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். கிங்ஸ்டனுக்கு அருகிலுள்ள குன்றுகளில், ராஸ்டாஃபாரி என்னும் சமயத்தார் வாழ்ந்தனர். ஆப்பிரிக்க முறையில் தோற்பறை முழக்கி வழிபடுவது அவர்கள் வழக்கம். நகரத்து மேன்மக்கள் அவர்களை அருவருத்தனர், காவலர் விரட்டினர். பிரின்ஸ் பஸ்டர் என்னும் இளைஞர், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கவுண்ட் ஓசி என்பவரின் பறைக் குழுவை அக்குன்றிலிருந்து பதிவறைக்கு அழைத்து வந்தார். ஃபோக்ஸ் சகோதரர்கள் பாடிய 'ஓ கரோலினா' என்னும் இசைத்தட்டில் அப்பறைகள் ஒலித்தன. தீவு முழுவதும் அதனைக் கேட்டது. அதுவரை தீட்டு என்று தள்ளிய பறையை, வீட்டுக்குள் வானொலிப் பெட்டியில் கேட்டுத் தலையசைத்தனர். தமிழர்களாகிய நமக்கு இச்செய்தியின் பொருளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

புகழ்ச்சி மட்டும் உரைத்தால் அது நேர்மையாகாது. வாத்தியக்காரர்களுக்கு ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று சிறு தொகை கிடைத்தது; பாட்டின் உரிமை பெரும்பாலும் முதலாளிகளிடம் இருந்தது. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு ஸ்காவை அறிமுகம் செய்ய ஜமைக்கா அரசு குழு அனுப்பியபோது, வசதியுள்ளோர் விருந்துகளில் வாசித்துவந்த பைரன் லீயின் குழு சென்றது, ஸ்காடலைட்ஸ் செல்லவில்லை. அவர்களும் 1965-இல் பிரிந்துவிட்டனர். பள்ளத்தில் பிறந்த கலையை மேட்டுக்குடி ஏற்றுக்கொள்ளும்போது, பெற்றவர்களை வாசலில் நிறுத்திவிடுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது.

ஆயினும் இசை நின்றுவிடவில்லை. அதே 1964-இல் மில்லி ஸ்மால் என்னும் இளம்பெண் பாடிய 'மை பாய் லாலிபாப்' இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை உயர்ந்தது. 1966-ஐ ஒட்டி ஸ்காவின் நடை தளர்ந்து ராக்ஸ்டெடி ஆயிற்று. 1968-ஐ ஒட்டி அது ரெகே ஆயிற்று. உலகம் அறிந்த பாப் மார்லியும் தம் இளமையில் 'வெய்லர்ஸ்' குழுவோடு ஸ்கா பாடித்தான் தொடங்கினார். 2018-இல் யுனெஸ்கோ, ரெகேயை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

குடிபெயர்ந்தோர் கையில் இவ்விசை செய்த பணி நாம் கருதத்தக்கது. 1948 ஜூன் மாதத்தில் 'எம்பயர் விண்டிரஷ்' என்னும் கப்பல் கரீபியன் மக்களை இங்கிலாந்தில் இறக்கியது. அவர்களுக்கு வேலை கொடுத்தனர். வாடகைக்கு அறை கொடுக்க மறுத்தனர். பின்னர் வந்த ஆண்டுகளில், குளிர் நாட்டின் நிலவறைகளில் கூடி, தம் தீவின் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, தாம் தாமே என்று அவர்கள் தெளிந்துகொண்டனர். அடுத்த தலைமுறையில், 1979-இல், ஆலைகள் மூடிக்கொண்டிருந்த காவென்ட்ரி நகரில், 'ஸ்பெஷல்ஸ்' என்னும் குழு ஸ்காவை மீண்டும் எழுப்பிற்று. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று வாசித்தனர். கறுப்பு வெள்ளைக் கட்டங்களே அவ்வியக்கத்தின் சின்னமாயிற்று. 1981-இல் அந்நகரில் ஆசிய வம்சாவளி மாணவர் ஒருவர் இனவெறியால் கொலையுண்டபோது, இனவெறிக்கு எதிராக அக்குழு அங்கே இசை நிகழ்ச்சி நடத்திற்று. நம் தலைநகர் டெல்லியிலும் 2009-இல் 'ஸ்கா வெஞ்சர்ஸ்' என்னும் குழு தோன்றியது.

நமக்கு அருகில்

"இதெல்லாம் பிற நாட்டார் கதை, தமிழருக்கு இதில் என்ன பங்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உறவு தேட நாம் ஜமைக்கா வரை போக வேண்டாம். வங்கக் கடலின் மறுகோடியில் இலங்கை இருக்கிறது. அங்கே பைலா என்றோர் இசை உண்டு.

1505-இல் போர்த்துகீசியர் இலங்கைக்கு வந்தனர். அவர்களும், பின் வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கிழக்கு ஆப்பிரிக்க மக்களைப் படைவேலைக்கும் கூலிவேலைக்கும் கொண்டு வந்தனர். காப்பிரியர் என்று அழைக்கப்பட்ட அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் வாழ்கின்றனர். மஞ்சா என்னும் பாட்டுகளை மறவாமல் பாடுகின்றனர். போர்த்துகீசியர் வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழ்கின்றனர். அவர்களுடைய வீட்டில் போர்த்துகீசியக் கலப்பு மொழி, வீதியில் தமிழ். இவ்விரு கூட்டத்தாரின் ஆடல் பாடல் கலந்து கஃப்ரிஞ்ஞா என்னும் நடை உண்டாயிற்று. ஆறு எண்ணிக்கையை மும்மூன்றாகப் பிரித்துத் துள்ளும் நடை அது. நம் திஸ்ர நடையை ஒத்தது. போர்த்துகீசிய மொழியில் ஆடுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பைலா என்னும் பெயர் வந்தது.

1940-களில் வாலி பாஸ்டியன் என்பவர் அந்நடைக்குச் சிங்களச் சொற்களைப் பொருத்தி, எல்லோரும் கூடிப் பாடும் பைலாவை உருவாக்கினார். அவரும் காவல்துறையில் பணியாற்றியவரே! இருவர் எதிரெதிர் நின்று, கொடுத்த பொருளில் அங்கேயே பாட்டுக் கட்டி வாதிடும் வாதப் பைலாவும் வளர்ந்தது. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று தஞ்சை மாவட்டத்தில் விடியவிடிய லாவணி கேட்ட குடும்பங்கள் இங்கே சில உண்டு. அவர்களுக்கு அது புதிதன்று. ஸ்காவைப் போலவே பைலாவும் நெடுங்காலம் குடிகாரர் பாட்டு என்று கற்றோரால் இகழப்பட்டது. ஸ்காவைப் போலவே அது எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

இந்தப் பைலாவின் துள்ளலும் மேலைநாட்டுக் கிட்டாரும் தமிழோடு சேர்ந்து, 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் ஈழத்துப் பொப்பிசை பிறந்தது. நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே' யாழ்ப்பாணத்துத் திருமண வீடுகளில் எல்லாம் ஒலித்தது. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்தே கடல் கடந்தது. 1977-இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் அது தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று மக்கள் அழைத்த மனோகரன் 2018-இல் சென்னையில் மறைந்தார். 1983-க்குப் பின் ஈழத் தமிழர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சிதறியபோது, அவர்களோடு இப்பாட்டுகளும் சென்றன. வீட்டையும் தோட்டத்தையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பாட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

இளங்கோ காட்டிய வழி

கலப்பு இசை தமிழைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் நம்முள் உண்டு. நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன். மொழிப்பற்றால் எழுந்த அச்சம் அது. அதனை நான் இகழமாட்டேன். 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியதும், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் எதற்காக? தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கே இடமில்லாத நிலை இருந்ததால் அன்றோ? மக்கள் மொழிக்கு மேடை வேண்டும் என்று போராடி வென்றவர்கள் நாம். அவ்வாறு வென்ற நாமே, மக்கள் பாட்டு ஒன்று வாசலில் வந்து நின்றால் கதவை அடைக்கலாமா?

நம் முன்னோர் அவ்வாறு அடைக்கவில்லை. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது, தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். நிலம் மாறினால் பறையும் மாறும் என்பது அவர் கண்ட உண்மை. இளங்கோவடிகளோ கண்ணகியின் கதையைப் பாட வந்தவர். ஆயினும் தம் காப்பியத்துள் கடற்கரையாரின் கானல்வரிக்கு இடம் தந்தார். வேட்டுவர் பாட்டுக்கு இடம் தந்தார். இடைச்சியர் குரவைக்கும் குன்றவர் குரவைக்கும் இடம் தந்தார். அப்பகுதிகளை நீக்கிவிட்டால் சிலம்பில் இசை ஏது? அவற்றைச் சேர்த்ததால் சிலப்பதிகாரம் தாழ்ந்துவிட்டதா?

இலங்கைத் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியது தப்பு என்னும் தோற்கருவி. வேலைக்கு அழைக்கத் துரைமார் பயன்படுத்திய அதே கருவியை, அம்மக்கள் மாலையில் தம் திருவிழாவுக்கும் கூத்துக்கும் முழக்கினர். காலையில் அடிமைத்தனத்தின் ஓசை. மாலையில் விடுதலையின் ஓசை. கிங்ஸ்டன் முற்றத்தில் ஸ்கா செய்ததும் இதுவே அன்றோ?

என் குற்றம்

இனி, நான் சொல்வதாக ஒப்புக்கொண்டதைச் சொல்கிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் இவ்விழாவின் கலை நிகழ்ச்சிக் குழுவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். பள்ளி மாணவன் ஒருவன் நான்கு நண்பர்களோடு ஒரு பாட்டைக் கொண்டு வந்தான். கிட்டார் ஒன்று, தப்பு ஒன்று, வங்காளிப் பையன் வாசித்த டோலக் ஒன்று. பாட்டு அவனுடைய பாட்டி பாடிய தோட்டத்துப் பாட்டு. நடுவே நம் கடைத்தெருவில் எல்லோரும் பேசும் இந்தியில் இரண்டு அடி சேர்த்திருந்தான். நான் ஒத்திகையைப் பாதி கேட்டுவிட்டு, "இது தமிழ்ச் சங்கம் தம்பி, இங்கே இது வேண்டாம்" என்று சொல்லிப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அவன் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. கருவிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

விழா முடிந்த மறுவாரம் அவன் பாட்டி என் வீட்டுக்கு வந்தார். மலையகத்தில் பிறந்தவர், கச்சாலில் இரப்பர்ப் பால் எடுத்தவர், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கியபோது அங்கே எல்லாவற்றையும் இழந்து, இந்தப் பக்கம் வந்து குடியேறியவர். நாற்காலியில் உட்காரச் சொன்னேன்; உட்காரவில்லை. நின்றபடியே, "ஐயா, எங்க பாட்டு தமிழ்ப் பாட்டு இல்லீங்களா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. நான் ஏதோ விதிமுறை, நேரக் குறைவு என்று சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. கடல் அவருடைய வீட்டைக் கொண்டு போயிற்று. பாட்டைக் கொண்டு போகவில்லை. கடல் விட்டுவைத்ததை நான் அடித்துவிட்டேன். அதன் பிறகே இத்தகைய இசைகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஆல்ஃபா பள்ளியின் கன்னியர், தம் பிள்ளைகளின் கையில் எக்காளத்தைக் கொடுத்தார். நான் பிள்ளையின் கையிலிருந்து தப்பைப் பிடுங்கினேன். இதுவே அவருக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு.

அந்த மாணவன் அடுத்த இரண்டு விழாக்களுக்கும் வரவில்லை. அவனோடு சேர்ந்து இன்னும் எத்தனை பிள்ளைகள் வராமல் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகள் தமிழை விட்டு விலகுகிறார்கள் என்று ஆண்டுதோறும் இம்மேடையில் வருந்துகிறோம். அவர்கள் தமிழை ஏந்திக்கொண்டு வந்த நாளில், ஏந்தி வந்த பாத்திரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால், யாரிடம் வருந்துவது?

என் வேண்டுகோள்

ஆகவே, இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: வருங்கால ஆண்டு விழாக்களில் அரைமணி நேரம் நம் தீவுப் பிள்ளைகள் தாமே அமைக்கும் பாட்டுக்கு ஒதுக்கப்படவேண்டும். அதில் எந்தக் கருவியும் இருக்கலாம். எந்த நாட்டு நடையும் இருக்கலாம். பாட்டின் உயிர் தமிழாக இருந்தால் போதும்.

இரண்டாவது: நம் காலனியிலுள்ள மூதாட்டியரும் முதியோரும் பாடும் தாலாட்டு, நடவுப் பாட்டு, தோட்டத்துப் பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றைப் பதிவு செய்யவேண்டும். இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, செலவு ஒன்றுமில்லை. பாடியவர் பெயரையும் ஊரையும் உடன் எழுதி வைக்கவேண்டும். கிங்ஸ்டன் வாத்தியக்காரர் பலருக்கு நேர்ந்தது நம் பாட்டிகளுக்கு நேரக்கூடாது.

மூன்றாவது: ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நாம் இன்னும் ஊக்கத்தோடு நடத்தவேண்டும். கலப்பு இசையை ஆதரிப்பவன் மொழிப் பயிற்சியை மறுப்பான் என்று எவரும் நினைக்கவேண்டாம். ஆல்ஃபா பள்ளிப் பிள்ளைகள் முறையாகக் குறியீடு படிக்கக் கற்றவர்கள்; கற்றதனால்தான் அவர்களால் புதிது படைக்க முடிந்தது. வேர் ஆழமாக இருந்தால் கிளை எந்தக் காற்றுக்கும் ஆடலாம். வேரில்லாத கிளையே ஒடியும்.

போர்ட் பிளேர் என்று நாம் அழைத்து வந்த நம் நகரம், 2024-ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிற்று. ஊரின் பெயர் மாறும், ஊர்மக்களும் மாறுவர். மக்கள் கூடி முழக்கிய தாளம் எளிதில் மாறுவதில்லை. ஜமைக்கா தன் தாளத்தைக் கண்டது. இலங்கை தன் தாளத்தைக் கண்டது. அந்தமானுக்கும் ஒரு தாளம் உண்டு. அது நம் பிள்ளைகளின் விரல்களில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இன்று காலை அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க ஐயா" என்று சொல்லித் தேநீர் தந்தார். பையனிடமும் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "யோசிக்கிறேன் சார்" என்றான். நண்பர்கள் நால்வரோடு அவன் இப்போது இந்த அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். தலைவர் அவர்கள் இசைந்தால், என் பேச்சுக்கு ஒதுக்கிய நேரத்தில் மீதமுள்ள பத்து நிமிடத்தை அவர்களுக்குத் தந்துவிட்டு நான் அமர்கிறேன்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.